குனி... நிமிர்... ராஜபாளையம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வெறுங்கையோடு நின்றால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். 'இந்த ஊருக்கு வந்துட்டு பால்கோவா வாங்காமப் போறானே, இவன் நல்லவன்தானா?' என்கிற பார்வை. அதற்குப் பயந்தே கால் கிலோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். இந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கும் டாக்டர் 'சர்க்கரை' என்று ஒரு குறியீடு கொடுத்திருக்கிறார். ஆகவே மடியில் வைத்துக்கொள்ளலாம். வாயில் வைக்கக்கூடாது.

ஜன்னலோர சீட். பஸ் கிளம்பியதும் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் பதினோரு நிலைகளோடு கொஞ்ச தூரம் கூடவே வருகிறது. அப்புறம் அது பின்தங்க, வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை துணைக்கு வருகிறது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நடுநடுவே மில் புகைபோக்கி. மலை மேலே சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம். இப்போது புலிகள் காப்பகமும் சேர்ந்துவிட்டது. கீழே மனிதர்களுக்குத்தான் தனியாகச் சரணாலயம் கிடையாது.

"எங்கண்ணே?" என்றார் கண்டக்டர்.

"பஞ்சு மார்க்கெட்."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். என்ன ஊர், என்ன தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு கேள்வி இல்லை. பஸ் பன்னிரண்டு கிலோமீட்டரை அரை மணியில் விழுங்கிவிடும்.

இதே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து இதே ராஜபாளையம் பக்கத்துக்கு 1997 மே மாதம் ஒரு தடவை போனேன். அன்றைக்கு ஜன்னலோரம் உட்காரவில்லை. சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு போனேன். நானும், என்னுடன் எட்டுப் பேரும். நாங்கள் திருடர்கள் இல்லை சார். கபடி டீம்!

* * *

அந்த வருஷத்துக் கதை பலருக்கு மறந்திருக்கும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் தலைவர்கள் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் மாவட்டத்துக்கு 1997 மே மாதம் வந்த புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர். கட்டபொம்மன் படையில் தளபதியாக நின்று, வெள்ளைக்காரனை எதிர்த்து உயிர் விட்டவர். பட்டியல் சமூகத்தில் பிறந்தவர் என்பதால், அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். பஸ் மேல் கல் விழுந்தது. பதிலுக்குப் பதில், ஊருக்கு ஊர் பரவி, உயிர்கள் போயின. கடைசியில் அரசு 1997 ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகத்துக்கும் எல்லா மாவட்டத்துக்கும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டமாக இருந்த நாங்கள் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான்.

நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குக் காயத்துக்குக் கட்டுகிற துணியை நெய்து அனுப்புகிற வட்டாரம் இது. ராஜபாளையம், சத்திரப்பட்டிப் பக்கம் தறிச் சத்தம் கேட்காத தெருவே இல்லை. அந்த வருஷம் அந்தத் துணிக்கு உள்ளூரிலேயே வேலை வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் ராஜபாளையம் பக்கத்து ஊர் ஒன்றில் ராத்திரி கபடி. எங்கள் டீமுக்கு நோட்டீஸ் வந்தது.

எங்கள் டீமில் ஒரு விசேஷம் உண்டு. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் கலந்த டீம். இரண்டு தெருவும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத அந்தக் கோடையிலும், சாயங்காலம் ஐந்தரைக்குக் களத்தில் கைகோத்து நிற்போம். ஆறரைக்கு அவரவர் தெருவுக்குப் போய்விடுவோம். அந்த ஒரு மணி நேரத்துக்குக் காரணம் எங்கள் பி.டி. சார்.

நான் அந்த டீமில் எக்ஸ்ட்ரா பிளேயர். அதாவது செருப்பு, சட்டை, வாட்ச், எலுமிச்சம்பழம் இவற்றுக்குப் பாதுகாப்பு அதிகாரி.

"போலாமா, வேண்டாமா?" என்று சார் எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டார்.

"போலாம் சார்! பயந்து போகாம இருக்க நாம என்ன ஆஸ்திரேலியாவா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அப்போது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின வருஷம்தான் உலகக் கோப்பை கிரிக்கெட். 1996 ஜனவரி 31-ம் தேதி கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்து, சுமார் 90 பேர் இறந்துபோனார்கள். ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் கொழும்பில் ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டன. 'பயப்படாதீர்கள், நாங்கள் போய்க் காட்டுகிறோம்' என்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே டீமாகச் சேர்ந்து, பிப்ரவரி 13-ம் தேதி கொழும்பில் போய் ஆடின. கலுவிதரண அடித்த பந்தை சச்சின் பிடித்தார். போட்டது வாசிம் அக்ரம்! இப்படி ஒரு ஸ்கோர் போர்டை இனி எந்த ஜென்மத்தில் பார்ப்பது? அப்படியும் அந்த இரண்டு டீமும் வரவில்லை. ஆடாமலேயே இலங்கைக்குப் பாயின்ட் கிடைத்தது. கடைசியில் மார்ச் 17-ம் தேதி லாகூரில் அதே ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து இலங்கை கோப்பையைத் தூக்கியது. எங்களுக்கு அது போதாதா? அதிலிருந்து யார் களத்தில் பின்வாங்கினாலும் 'ஆஸ்திரேலியா' என்பது எங்கள் ஊர்க் கெட்ட வார்த்தை.

சார் சிரிக்கவில்லை.

"போகாதவன் பயந்தாங்கொள்ளின்னு டீக்கடையில உக்காந்து சொல்றது ஈஸிடா. குண்டு வெடிச்ச ஊருக்கு உன் வீட்டுப் பிள்ளையை அனுப்பச் சொன்னா அப்பத் தெரியும். இந்தியாவும் பாகிஸ்தானும் போனதும் சரி. ஆஸ்திரேலியா போகாததும் தப்பில்லை. போறதா இருந்தா எப்படிப் போகணும்னு யோசிச்சுப் போகணும், அவ்வளவுதான்."

அப்புறம் நாலு சட்டம் போட்டார்.

ஒன்று, வெளிச்சத்தில் போகணும், வெளிச்சத்தில் திரும்பணும். ராத்திரி ஆட்டம் முடிந்தால் அங்கேயே தங்கல்.

இரண்டு, வழியில் யாரும் டீம் பனியன் போடக்கூடாது. பைக்குள் இருக்கணும். களத்துக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்று, கூப்பிட்ட ஊரிலிருந்து பெரிய மனுஷர் ஒருத்தர் ஊர் எல்லைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகணும். வராவிட்டால் வண்டி அப்படியே திரும்பும்.

நாலு, வர இஷ்டமில்லாதவன் வர வேண்டாம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. திரும்பி வந்து கிண்டல் பண்ணினால் டீமை விட்டு வெளியே.

நாலாவது சட்டத்தில் எங்கள் நட்சத்திர ரெய்டர் நின்றுவிட்டான். அவன் அம்மா அனுப்பவில்லை. சார் "சரிய்யா" என்று மட்டும் சொன்னார். அவன் நின்றதால்தான் செருப்புப் பாதுகாப்பு அதிகாரிக்குக் களத்தில் இடம் கிடைத்தது.

"இவ்வளவு யோசனை பண்ணி எதுக்கு சார் போகணும்?" என்று நான் கேட்டேன்.

"இந்த வருஷம் ஒண்ணாப் போகலேன்னா, அடுத்த வருஷம் நீங்க ரெண்டு டீமாத்தான் போவீங்க" என்றார்.

* * *

வேன் பிடித்தோம். மெட்டடார். டிரைவரை அண்ணாச்சி என்போம். ராஜபாளையத்துக்காரர். அவர் வேனின் ஹாரனைத் தவிர மற்ற எல்லாப் பாகமும் சத்தம் போடும்.

மெயின் ரோட்டில் மறியல். அண்ணாச்சி உள்ரோட்டில் திருப்பினார். பன்னிரண்டு கிலோமீட்டர் இருபதாகிவிட்டது. அந்த உள்ரோட்டில் இரண்டு ஊர்கள். முதல் ஊர், வடக்குத் தெருப் பையன்களுக்கு ஆகாத ஊர். இரண்டாவது ஊர், தெற்குத் தெருப் பையன்களுக்கு ஆகாத ஊர். எங்கள் கணக்கோ வடக்கே ஐந்து பேர், தெற்கே நாலு பேர். கடவுளே உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு ரோடு போட முடியாது.

முதல் ஊர் வந்தது. அரசமரத்தடியில் கூட்டம். "வடக்குத் தெரு, குனி!" என்றார் அண்ணாச்சி. ஐந்து பேர் குனிந்தோம். (நான் வடக்கு.) மீதி நாலு பேர் ஒன்றும் தெரியாத முகத்தோடு ஜன்னல் வழியே ஆடு மாடு பார்த்தார்கள். ஊர் தாண்டியதும் "நிமிரு!" என்று குரல்.

கொஞ்ச தூரத்தில் இரண்டாவது ஊர். ரோட்டில் பாதி அடைத்துக் கட்டை போட்டிருந்தது.

"தெற்குத் தெரு, குனி!"

நாலு பேர் குனியப் போனார்கள். கேப்டன், அவன் தெற்கு, எங்களைப் பார்த்துச் சொன்னான்: "எல்லாரும் குனிங்கடா."

"நாங்க எதுக்குடா? எங்களுக்கு இந்த ஊர் ஒண்ணும் பண்ணாது."

"அஞ்சு பேரு நிமிர்ந்து நாலு பேரு குனிஞ்சிருந்தா, யாரைத் தேடணும்னு வெளிய நிக்கிறவனுக்குத் தெரிஞ்சுபோகும்ல? ஒம்போது பேரும் குனிஞ்சா?"

ஒன்பது பேரும் குனிந்தோம். பின்னால் தகரத்தில் 'டங்' என்று ஒரு கல். ஒரே ஒரு கல்தான். அந்தச் சத்தம் இன்னும் என் பின்மண்டையில் இருக்கிறது. வேன் நிற்கவில்லை. அடுத்த ஊர் எல்லையில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலைப்பாகை கட்டின பெரியவர் ஒருவர் வெயிலில் நின்றிருந்தார். சாரின் மூன்றாவது சட்டம்! வேனுக்கு முன்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டே எங்களை ஊருக்குள் கூட்டிப் போனார். அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் போனபோது எனக்கு ராணுவ டாங்கிக்குப் பின்னால் போகிற தைரியம் வந்தது.

ஆட்டத்தில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? முதல் ரவுண்டிலேயே தோற்றோம். நான் போன மூன்று ரெய்டிலும் என்னை அழகாகப் பிடித்து உட்கார வைத்தார்கள். ராத்திரி பெரியவர் வீட்டுத் திண்ணையில் வரிசையாகப் படுத்தோம். வடக்கு எது, தெற்கு எது என்று தெரியாமல் கால்மாடு தலைமாடாகத் தூங்கினோம். காலையில் இட்லி. சைக்கிள் மறுபடி எல்லை வரைக்கும் வந்தது.

* * *

வருஷங்கள் ஓடின. 2009 மார்ச் 3-ம் தேதி டி.வி.யில் லாகூரைப் பார்த்தபோது அந்த 'டங்' சத்தம் திரும்பக் கேட்டது.

2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் நடந்த பிறகு, இந்திய டீம் பாகிஸ்தான் போகவில்லை. அந்த இடத்தில் ஆடப் போனது இலங்கை டீம். 1996-ல் 'எங்கள் ஊருக்கு வாருங்கள்' என்று எல்லோரையும் கெஞ்சிய டீம் அல்லவா? கூப்பிட்டதும் போனார்கள். ஓட்டலிலிருந்து கடாபி ஸ்டேடியம் போகிற வழியில், பஸ்ஸை மறித்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஆறு போலீஸ்காரர்களும் இரண்டு பொதுமக்களும் செத்துப்போனார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் நடுவர்கள் வந்த வேனின் டிரைவர். அதே டெஸ்டில் இரட்டைச் சதம் அடித்திருந்த சமரவீராவுக்குத் தொடையில் குண்டு. பஸ்ஸுக்குள் எல்லோரும் தரையில் படுத்துக்கொண்டார்கள். டிரைவர் மெஹர் முகமது கலீல் வண்டியை நிறுத்தாமல், குண்டு மழைக்கு நடுவே ஸ்டேடியத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆட்டக்காரர்கள் மைதானத்திலிருந்தே ஹெலிகாப்டரில் ஏறி ஊருக்குக் கிளம்பினார்கள். கலீலை இலங்கை அப்புறம் அழைத்து மரியாதை செய்தது.

அடுத்த வருஷமே, 2010 ஜனவரி 8-ம் தேதி, ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டு ஃபுட்பால் டீமின் பஸ். அங்கோலாவில் கபிண்டா என்ற கலவரப் பகுதிக்கு விமானத்தில் வராமல் ரோடு வழியாக வந்தார்கள். எல்லை தாண்டியதும் துப்பாக்கிச் சூடு. துணைக் கோச்சும் பத்திரிகைத் தொடர்பாளரும் இறந்தார்கள். போட்டியிலிருந்து டீம் விலகியது. விலகியதற்காக அடுத்த இரண்டு போட்டிகளில் ஆடக்கூடாது என்று முதலில் தடை வேறு போட்டார்கள், பிறகுதான் நீக்கினார்கள். எங்கள் பி.டி. சாரின் நாலாவது சட்டம் அங்கே யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

லாகூரும் சரி, கபிண்டாவும் சரி, நடந்தது மைதானத்தில் இல்லை. பஸ்ஸில். மைதானத்துக்கு வேலி உண்டு, கேட் உண்டு, போலீஸ் உண்டு. வழிக்கு என்ன உண்டு? எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எந்த ரோட்டில் வருவார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும். டீம் பெயரை எழுதி ஒட்டிய பஸ், 'நாங்கள்தான்' என்று சத்தம் போட்டுக்கொண்டே போகிறது.

உலகமும் மெள்ள மெள்ள சாரின் சட்டத்துக்கு வந்துவிட்டது. முன்னாடியே ஆள் அனுப்பி ரோடும் ஓட்டலும் பார்க்கிறார்கள். வழியை மறித்து, டீம் பஸ் மட்டும் போகவிடுகிறார்கள். 2019 செப்டம்பரில் பாகிஸ்தான் போக இலங்கையின் மூத்த ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் மாட்டோம் என்றார்கள். அவர்களை விட்டுவிட்டு, வரச் சம்மதித்த இளவட்டங்களைக் கூட்டிப் போனார்கள். அந்த 'எக்ஸ்ட்ரா' டீம் டி20-யில் மூன்றுக்கு மூன்று ஜெயித்துவிட்டு வந்தது. (எக்ஸ்ட்ரா பிளேயர்களில் எத்தனை வகை!) அந்த டிசம்பரில் ராவல்பிண்டியில், பத்து வருஷம் கழித்து டெஸ்ட் மேட்ச் நடந்தது.

நம்ம சென்னையும் இந்தப் பாடத்தைப் படித்த ஊர்தான். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ஊருக்குப் போய்விட்ட இங்கிலாந்து டீம், இரண்டே வாரத்தில், 2008 டிசம்பரில் திரும்பி வந்து சேப்பாக்கத்தில் ஆடியது. 387 ரன் துரத்தி நாம் ஜெயித்தோம். சச்சின் ஆட்டமிழக்காமல் 103. ஜெயித்தது நாம் என்றாலும், வந்து நின்றார்களே அவர்கள், அதற்கும் ஒரு கைதட்டு கொடுக்கத்தான் வேண்டும்.

கிரிக்கெட்டுக்குப் போலீஸ் உண்டு, ஹெலிகாப்டர் உண்டு. கபடிக்கு? 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். பஸ்ஸை மறித்து இறக்கி, கை விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று அவன் அப்பா சொன்னார். மறுபடியும் அதே பஸ்!

* * *

பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி விசாரித்தபோது அண்ணாச்சி வீட்டைச் சட்டென்று காட்டிவிட்டார்கள். வாசலில் வெள்ளை நாய். ரோஜா நிற மூக்கு. ராஜபாளையம் ஜாதி நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். என்னைப் பார்த்து அது எழுந்து நின்ற விதத்தில், தபால்தலைக்குள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"ஏ, சும்மா கெட!" என்று அதட்டிவிட்டு அண்ணாச்சி வெளியே வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். முடி, பல் எல்லாம் போய்விட்டாலும் குரல் அப்படியே மெட்டடார் வேன்தான்.

"யாரு... ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பயலா? மூணு ரெய்டு போயி மூணுலயும் அவுட்டானவன்தான?"

சில ஞாபகங்கள் மட்டும் மனிதர்களுக்குப் போவதே இல்லை.

டீம் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். 1998-லும் ஒரே டீமாகத்தான் ஆடினோம். அதற்கடுத்த வருஷம் டீமே இல்லை. வடக்கும் தெற்கும் சேர்ந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது. இப்போதும் அங்கே இரண்டு பேர் ஒரே ரூமில் இருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, அன்னிக்கு எங்களை ரெண்டு தடவை குனியச் சொன்னீங்களே..."

"ஆமா, ஒம்போது பயலும் மூட்டை மாதிரி கெடந்தீகளே!"

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பயம் இல்லாமயா? கை வெடவெடன்னு நடுங்குச்சு. ஆனா ஸ்டியரிங்கைப் புடிச்சவனும் குனிஞ்சுட்டா வண்டி எங்கிட்டுய்யா போகும்?"

எத்தனையோ வருஷமாக இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேப்டனின் சாமர்த்தியம், சாரின் சட்டம், பெரியவரின் சைக்கிள், எல்லாம் சொல்வேன். இரண்டு ஊரிலும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்த ஒரே ஆளை இதுவரை சொன்னதே இல்லை.

ஒன்றும் பேசத் தோன்றாமல் பால்கோவாவை நீட்டினேன்.

"எனக்கும் சக்கரைதான்" என்று வாங்கி, உள்ளே இருந்து வந்த பேரன் கையில் கொடுத்தார். பதினாறு வயசிருக்கும். சிவப்பு பனியன், முதுகில் ஏழாம் நம்பர். பக்கத்து ஊரில் ராத்திரி கபடியாம்.

"போயிட்டு வாரேன் தாத்தா."

"யாரு கூட்டிட்டுப் போறா?"

"அந்த ஊர் மாமா பஸ் ஸ்டாப்புக்கு வராக."

"ராத்திரி?"

"அங்கேயே தங்கிட்டுக் காலையில வாரோம்."

"சரி. பனியனைக் கழட்டிப் பைக்குள்ள வைடா. அங்க போயி மாட்டிக்கலாம்."

பையன் முகம் சுளித்துக்கொண்டே சட்டையை மாற்றினான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.